இருபத்தேழாம் நாயின் நடை

இருபத்தேழாம் நாய் ஆறு மணி நேரமாக அசையவில்லை என்று வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என் போனுக்குத் தகவல் வந்தது.

நான் அப்போது உடுமலைச் சாலையில் ஒரு கோழிப் பண்ணையில் பதினோராம் நாயின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த நாயாக இருந்தாலும் வேலையை முடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பியிருப்பேன். இருபத்தேழு ஒன்பது நாளைக்கு முன்பு ஒரு பெண்ணைக் கடித்த நாய். கடித்த நாய் திடீரென்று அசையாமல் கிடந்தால் அதற்கு என்ன பொருள் என்று படிப்பைப் பாதியில் விட்டவனுக்கும் தெரியும்.

நாயின் சொந்தக்காரர் ரங்கநாயகியைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"அக்கா, டாலர் எப்படி இருக்குதுங்க? அசையவே இல்லைன்னு காட்டுது."

"வெயிலுக்குப் படுத்துக் கெடக்குதுங்க கண்ணு. நாய் என்ன மில்லு வேலைக்கா போகோணும்?"

"நீங்க பாத்தீங்களா?"

"இதா, கண்ணு முன்னாலதான் கெடக்குது. வெசனப்படாதீங்க."

அவர் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பைக்கை எடுத்தேன்.

என் வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல்லடத்தைச் சுற்றிக் கோழிப் பண்ணைகளிலும் தறிக் குடோன்களிலும் தோட்டங்களிலும் உள்ள நாற்பது காவல் நாய்களுக்குக் கழுத்தில் பட்டை கட்டியிருக்கிறோம். பட்டையில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்று. நாய் எவ்வளவு அசைகிறது, எவ்வளவு தூங்குகிறது என்று நிமிடத்துக்கு ஒரு தரம் எண்ணும். பக்கத்துச் சுவரில் மாட்டிய பேட்டரிப் பெட்டி அந்த எண்ணிக்கையை வாங்கி அனுப்பும். என் போனில் அது கோடாக வரும். சங்கிலியில் கிடக்கிற நாய்க்கும் அவிழ்த்துவிட்ட நாய்க்கும் தூக்கத்தில் என்ன வித்தியாசம், தறி இரைச்சல் நாயை என்ன செய்கிறது, மூட்டு எப்போது கெட ஆரம்பிக்கிறது என்று டாக்டர் விமலாராணி கோயம்புத்தூரிலிருந்து நடத்தும் ஆராய்ச்சி. அவர் இதற்கு முன்னால் ரேக்ளாக் குதிரைகளின் முன்னங்காலில் இதே கருவியைக் கட்டி, குதிரை நொண்டுவதற்குப் பத்து நாள் முன்பே நொண்டப்போகிறது என்று சொன்னவர். சொந்தக்காரர்கள் நம்பவில்லை. பத்தாம் நாள் நம்பினார்கள்.

என் பெயர் சாமுவேல். கால்நடை மருத்துவத்தை மூன்றாம் வருடத்தில் விட்டேன். அப்புறம் நூற்பாலையில் இரவு ஷிப்ட், அதையும் விட்டேன். விடுவது எனக்கு நன்றாக வரும்.

வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நாயையும் நேரில் பார்த்து, கண், பாதம், நடை, எடை என்று ஒரு தாளில் எழுத வேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து பாதி நாய்களைப் போகாமலேயே எழுதிவிட்டேன். போனில் நாயின் பெயருக்கு எதிரே பச்சைக் குறி இருந்தால் நாய் நலம் என்று எழுதுவது. இருபத்தேழும் அந்தப் பாதியில் ஒன்று. போன சனிக்கிழமை அதை நேரில் பார்த்ததாக, அது படுத்திருந்ததாக, கூப்பிட்டதும் வாலை ஆட்டியதாக எழுதியிருந்தேன். வாலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

கடிபட்டவர் மாசாணியம்மாள். ரங்கநாயகியின் தறிக் குடோனில் தார் போடுகிறவர், அதாவது தறிக்குப் போகும் நூலைக் குச்சிகளில் சுற்றித் தருகிறவர். ஐம்பது வயது இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு நுழையும்போது நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைச் சுற்றி ஊசி, கையில் ஊசி எல்லாம் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை இரண்டாவது. அடுத்த செவ்வாய் மூன்றாவது. அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, சுவர்ப் பெட்டியில் ஒட்டியிருந்த என் நம்பரைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, அந்த நாய் நல்லா இருக்குதுங்களா? பத்து நாளைக்கு நாய் நல்லா இருந்தா பயமில்லைன்னு சொல்றாங்க. மொதலாளி அம்மணியக் கேட்டா அவுங்க அண்ணந்தோட்டத்துல உட்டுருக்குது, நல்லாத் திங்குதுங்கறாங்க. நெசந்தானுங்களா?"

நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் போனைத் தள்ளிப் பார்த்தேன். இருபத்தேழுக்கு எதிரே பச்சை.

"நல்லாத்தான் நடக்குதுங்க. பொழுதுக்கும் நடந்துட்டே இருக்குது."

"அப்ப நாளைக்கு ஊசிக்குப் போகோணுங்களா? ஒரு நாளு வேல போயிருது."

"அது உங்க இஷ்டமுங்க" என்றேன். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தைப் பிற்பாடு பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எதற்கும் உதவவில்லை.

அவர் போகவில்லை.

பாதி வழியில் நாலு ரோட்டை நெருங்கும்போது போன் துடித்தது. வண்டியை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திப் பார்த்தேன். இருபத்தேழு அசைய ஆரம்பித்துவிட்டது. பச்சைக் குறி வந்துவிட்டது. மனது லேசாகி ஒரு டீ சொன்னேன். அன்று அந்தப் பக்கம் முழுவதும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பதிலிருந்து. ஆனால் கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்ட் எப்பங்க வந்துச்சு?" சும்மாதான் கேட்டேன்.

"இப்பத்தான். நாலுக்குன்னு சொன்னாங்க, நாலு ரண்டுக்கு உட்டுட்டாங்க. அதிசயமா இருக்குது" என்றார் கடைக்காரர்.

போனைப் பார்த்தேன். நாய் அசைய ஆரம்பித்த நேரமும் அதுதான். நாலு மணி இரண்டு நிமிடம். அசையாமல் போன நேரத்தைப் பார்த்தேன். காலை ஒன்பது மணி ஒரு நிமிடம்.

கரண்ட்டில் ஓடும் நாயை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. பச்சைக் குறியை விட்டுவிட்டு, திறக்கச் சோம்பல்பட்டுத் திறக்காமல் வைத்திருந்த கோட்டைத் திறந்தேன். நாயின் நாள் ஒரே மாதிரி இருக்காது. விடியற்காலை ஏறும், வெயிலில் படுக்கும், யாராவது கேட்டைத் திறந்தால் குதிக்கும், மறுபடி படுக்கும். போன வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இருபத்தேழின் கோடு அடிஸ்கேல் வைத்து இழுத்தது போல் இருந்தது. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஷிப்ட் மாறும்போது சின்னதாக ஒரு பள்ளம், நடுவில் எப்போதாவது இன்னொன்று.

வெள்ளிக்கு முந்தின மூன்று நாட்கள் அதைவிட மோசம். கடித்த செவ்வாயும், புதனும் நாய் தூங்கவே இல்லை. நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் அசைந்திருக்கிறது. வியாழன் மதியம் கோடு நடுங்கி நடுங்கிக் கீழே வந்து, பின்னிரவு மூன்று மணிக்கு மேல் தரையோடு ஒட்டிவிட்டது. காலை எட்டு மணிக்கு மறுபடி எழுந்து நேர்கோடாக ஓடத் தொடங்கியிருக்கிறது. எல்லாம் என் சட்டைப் பையிலேயே ஒரு வாரமாக இருந்தது.

ரங்கநாயகி வீட்டுக்கு எதிரே குடோன். நடுவில் வாசல். நான் போகும்போது பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. வேப்ப மரத்தடியில் நாய் இல்லை. சங்கிலியைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். தண்ணீர்ச் சட்டி காய்ந்து, உள்ளே பஞ்சுத் தூசி படிந்திருந்தது.

"வாங்க சாமுவேலு. இந்த வெயில்ல ஏங்கண்ணு இத்தன தூரம்? போன்லயே சொன்னனுங்கல்லோ. மோர் குடிக்கறீங்களா?"

"நாயப் பாக்கோணுங்க்கா."

"அய்யோ, இப்பத்தான் அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனாரு. பெருந்துறைப் பக்கம் தோட்டத்துக்கு."

"எத்தன மணிக்குங்க?"

"மூணரை இருக்குமுங்க."

"மாசாணியம்மாகிட்டப் போன வாரமே அண்ணன் தோட்டத்துல உட்டாச்சுன்னு சொன்னீங்களாம். எங்கிட்ட மூணு மணிக்குக் கண்ணு முன்னால கெடக்குதுன்னீங்க."

"உட்டோம், திரும்பக் கொண்டாந்தோம், மறுபடி கூட்டிட்டுப் போனாங்க. நாய் ஒரு எடத்துலயா இருக்குது?"

"பட்டை இங்கதான் இருக்குதுங்க்கா. அறுபதடி தாண்டினா பெட்டிக்கு எட்டாது."

"கழட்டி வெச்சுட்டுப் போயிருப்பாரு."

"கழட்டி வெச்ச பட்டை நடக்காதுங்க்கா."

அவர் மோர்ச் சொம்பை ணங்கென்று கீழே வைத்தார். முகத்தில் மரியாதை அப்படியே இருந்தது. இந்தப் பக்கத்தில் அந்த மரியாதையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பட்டையைத் தேட போனில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் கருவியில் சிவப்பு விளக்கு மினுக்கும். அதை அழுத்திவிட்டுக் குடோனுக்குள் போனேன். உள்ளே காதும் வாயும் வேலை செய்யாது. தறிகளுக்கு இடையே குனிந்து குனிந்து நடந்தேன். வேலையாட்கள் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற ரங்கநாயகியைப் பார்த்தார்கள். கடைசியில் சுவரோரத் தறி. நூலை அடித்து நெருக்குவதற்காக முன்னும் பின்னும் ஆடும் பலகையின் அடியில், சுவரைப் பார்த்த பக்கம், சிவப்பு மினுங்கிக்கொண்டு போய்ப் போய் வந்தது. தறியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். பச்சை நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றி, நன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பட்டையின் உள்பக்கம் கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

வெளியே வந்து அதை அவர் முன்னால் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். "அசையாம இருந்தா உங்குளுக்குத் தெரிஞ்சுரும், ஓடி வந்து நிப்பேன்னு. பட்டை கட்டறப்ப பெருமையாச் சொன்னீங்கல்லோ."

சொல்லியிருந்தேன். பட்டையைக் கழற்றிவிடக் கூடாது என்று நாற்பது வீட்டிலும் அப்படித்தான் மிரட்டி வைத்திருந்தேன்.

"நாய் எங்கங்க்கா?"

"வெள்ளிக்கெழம விடியால பாத்தேன். செத்துக் கெடந்துச்சு."

"அதுக்கு முந்தி?"

"ரண்டு நாளாத் தண்ணி குடிக்கல. எச்சல் ஒழுகுச்சு. சங்கிலியப் போட்டுக் கடிச்சுது. கொரைச்சா கொரலு வேற மாதிரி இருந்துச்சு, கெணத்துக்குள்ள இருந்து கொரைக்கற மாதிரி."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் மூன்றாம் வருடப் பாடப் புத்தகத்தில் அதே வரிசையில் இருந்தது.

"ஏன் மறைச்சீங்க?"

"தலைய வெட்டி எடுத்துட்டுப் போவாங்கன்னு சொன்னாங்க. ஆராய்ச்சிக்காரங்க அதுக்குத்தான் பட்டை கட்டறதேன்னு சொன்னாங்க. ரொட்டி போட்டு வளத்துன நாயிங்க. அப்புறம், வெறி நாய் இருந்த குடோன்னு பேராச்சுன்னா நாளைக்கு எவ தார் போட வருவா?"

"மாசாணியம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவுங்க ஊசிய நிறுத்திட்டாங்க."

இப்போதுதான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நானா நிறுத்தச் சொன்னேன்? நான் லீவு குடுத்து, போயிட்டு வான்னுதான் சொன்னேன். திங்கக்கெழம பொழுதோட அவ வந்து, 'சாமுவேல் தம்பியக் கேட்டுட்டேன், நாய் நல்லா நடக்குதாம், நாளைக்கு வேலைக்கே வாரேன்'ங்கறா. எனக்குத் திக்குனு ஆயிப்போச்சு. செத்த நாய நல்லா நடக்குதுன்னு சொல்றாரே, இவருக்கு எல்லாந் தெரியும், அவுங்க பக்கத்துலயும் என்னமோ மறைக்கறாங்கன்னு நெனச்சேன். சரி, ரண்டு பேரும் மறைக்கறோம்னு உட்டுட்டேன்."

வேப்ப மரத்தடியில் நின்று டாக்டரைக் கூப்பிட்டேன்.

"இருபத்தேழு செத்துப்போச்சு டாக்டர்."

"எப்போ?"

"போன வெள்ளிக்கிழமை."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சனிக்கிழமை நீ நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கே. வாலை ஆட்டுச்சுன்னு வேற எழுதியிருக்கே."

காய்ந்த தண்ணீர்ச் சட்டியைக் காலால் தள்ளினேன்.

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி அட்டை ஃபைல்ல இருக்கு. பேர் டாலர், ஆண், வயசு நாலு. நீதான் வாங்கினது. சேர்க்கும்போது பல் பாத்தியா?"

"பாத்தேன்."

"பல் என்ன வயசு சொல்லுச்சு?"

"ஒண்ணு. ஒண்ணேகால்."

"அப்ப இந்த அட்டை யாரோடது?"

போனைக் கையால் மூடிக்கொண்டு ரங்கநாயகியைக் கேட்டேன்.

"டாலரோடதுதானுங்க" என்றார். "இதுக்கு முந்தின டாலரு. லாரில அடிபட்டுச் செத்துப்போச்சு. எங்க ஊட்டுல எந்த நாய் வந்தாலும் டாலருதான்."

அதை அப்படியே சொன்னேன். டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பல்லைப் பாத்துட்டு அட்டையை நம்பியிருக்கே" என்றார். "முதல்ல அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இன்னிக்கே. நாயை எங்க பொதைச்சாங்கன்னு கேட்டு வை. காலைல நான் வரேன். வெறியான்னு மூளையிலதான் பாக்க முடியும். தலை வேணும்."

ரங்கநாயகி பக்கத்திலேயே நின்றிருந்தார். கடைசி வார்த்தை போனை மீறிக் கேட்டிருக்க வேண்டும். "நான் சொல்லலீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மாசாணியம்மாள் இரண்டு தெரு தள்ளி ஒரு லைன் வீட்டில் இருந்தார். பகலெல்லாம் கரண்ட் இல்லாததால் அன்று அவருக்கு வேலை இல்லை. வாசலில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் கட்டுப் போட்ட துணி நனையாமல் காலைத் தனியாக நீட்டி வைத்திருந்தார்.

போகும் வழியிலேயே ஒரு குறுக்கு வழி யோசித்திருந்தேன். எதையும் ஒப்புக்கொள்ளாமல் ஊசிக்கு மட்டும் அழைத்துப்போய்விடலாம். ஊசி உடம்புக்குள் போனால் போதும். நான் என்ன சொன்னேன் என்பது யாருக்கு வேண்டும்?

"அக்கா, டாக்டரம்மா சொன்னாங்க. எதுக்கும் அந்த மூணாவது ஊசியப் போட்டுருங்கன்னு. வாங்க, வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கும்னா எதுக்குங்க?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"நாய் நல்லா இருக்குதுன்னீங்கல்லோ?"

"இருக்குதுங்க. இருந்தாலும்."

அவர் துணியைப் பிழிந்து வாளியில் போட்டார். "திங்கக்கெழம ஒண்ணு சொல்றீங்க, வியாழக்கெழம ஒண்ணு சொல்றீங்க. ஊசிக் கம்பெனில கமிசன் கிமிசன் வாங்கறீங்களா தம்பி?"

"அதெல்லாம் இல்லைங்க. இலவச ஊசிதான?"

"பின்ன, அம்மணிக்கும் உங்குளுக்கும் என்னமோ வம்பு. என்னைய ஊசிக்குக் கூட்டிட்டுப் போயி, நாய் மேல கேசு போடறதுக்கு. நான் தார் போட்டுப் பொழைக்கறவ. அம்மணிகிட்ட என்னைய மாட்டி உட்டுறாதீங்க. நான் வரலைங்க."

இன்னும் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டையும் அவர் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டார். நான் பதறப் பதற அவருக்குச் சந்தேகம் ஏறியது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வரமாட்டேன்.

போனைத் திறந்து கோட்டை அவரிடம் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இது என்னங்க, மலையாட்ட?"

"இது முந்தின வாரம் நாய் நடந்தது. ஏறினா நடக்குது, எறங்கினா படுக்குது."

"இதுங்க? இது மட்டமா இருக்குது."

"இது வெள்ளிக்கிழமையிலிருந்து."

அவர் போனை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். விரலை அந்த நேர்கோட்டின் மேல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு பள்ளத்தில் விரல் நின்றது.

"இது எத்தன மணி?"

"திங்கக்கிழமை. காலைல பத்தரையிலிருந்து ஒண்ணரை வரைக்கும்."

"பாவு நூலு தீந்துச்சு" என்றார். எனக்குச் சொல்கிற மாதிரி இல்லை. "புதுப் பாவு பிணைக்க மூணு மணி நேரமாச்சு. செவுத்தோரத் தறி. இது?"

"செவ்வாய். மூணு மணி. அரை மணி நேரம்."

"பெல்ட்டு அந்து போச்சு. மெக்கானிக்கு வந்தாரு." விரல் கோட்டின் கடைசிக்கு வந்தது. "இது கரண்ட் போனது. இன்னிக்கு."

"ஆமாங்க."

"தம்பி, இது நாயில்லீங்க. இது தறி."

"ஆமாங்க்கா."

"நாய் எங்க?"

"செத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை. வெறிதான்னு நெனக்கிறோம்."

"திங்கக்கெழம எங்கிட்டப் பேசறப்ப?"

"செத்து மூணு நாளாச்சு. நான் பாக்காமச் சொன்னேன்."

"பாக்காமச் சொன்னியா" என்றார்.

அதுவரை என்னை ஒரு தடவைகூட அவர் ஒருமையில் அழைத்ததில்லை. போனைத் திருப்பிக் கொடுக்காமல் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தார். எழுந்து உள்ளே போய்ச் சேலை மாற்றி, ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டினார். வழியெல்லாம் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், என் தோளைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம வரோணும். ரண்டு நாள் கழிச்சு வாரீங்க. ஏம்மா, வெளையாட்டா இது?"

மாசாணியம்மாள் என்னைக் காட்டினார். "இவரக் கேளுங்க."

"நாய் உசுரோட இருக்குதுங்களா?"

"செத்துப்போச்சுங்க" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க. சொன்னாங்க."

"இவரு எதையும் பாக்க மாட்டாருங்க" என்றார் மாசாணியம்மாள். நர்ஸ் மருந்துச் சீசாவை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தார். "அம்மணி, ஒரு நிமிசம். அதுல என்ன தேதி வரைக்கும்னு போட்டிருக்குது? படிச்சுக் காட்டுங்க."

"இது நல்ல மருந்துதாம்மா. காலைலதான் ஐஸ் பெட்டியில இருந்து எடுத்தது."

"படிங்க."

நர்ஸ் பெருமூச்சு விட்டுவிட்டுப் படித்தார். அதற்குப் பிறகுதான் கையைக் கொடுத்தார். ஊசி ஏறும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் தோலுக்குள் மருந்து போகிறவரைக்கும் இமைக்காமல் பார்த்தார்.

இரண்டு நாள் தள்ளிப்போனதால் என்ன ஆகும் என்று டியூட்டி டாக்டரைத் தனியாகக் கேட்டேன். முதல் நாளே காயத்தைச் சுற்றிப் போட்டிருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். பெரும்பாலும் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை டாக்டர் விமலாராணி இரண்டு ஆட்களோடு வந்தார். குடோனுக்குப் பின்னால் சுண்ணாம்பு கொட்டிய இடத்தைத் தோண்டினார்கள். ரங்கநாயகி வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. மாசாணியம்மாள் வேலைக்குப் போகும் முன் வந்து, மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு குழியின் ஓரத்தில் நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"இதுதான்" என்றார். "எடது காது கிழிஞ்சிருக்கும் பாருங்க."

கிழிந்திருந்தது. தலையை எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். எட்டு நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது. மாதிரி அழுகிவிட்டதால் முடிவு சொல்ல இயலவில்லை என்று இரண்டு வரி.

என் வேலை அதற்கு முன்பே போயிருந்தது. எல்லாத் தாள்களையும் ஒப்படைக்கச் சொன்னபோது, எவையெல்லாம் நேரில் பார்த்து எழுதியவை என்று பென்சிலில் குறிக்கச் சொன்னார் டாக்டர். குறித்தேன். இருபத்தேழின் கோட்டை மட்டும் அவர் தனியாக அச்செடுத்து வைத்திருந்தார். வெள்ளிக்குப் பிறகு வந்ததை வெட்டிப் போட்டுவிட்டு, கடித்த செவ்வாய் முதல் செத்த இரவு வரை.

"இந்த மூணு நாளை இவ்வளவு சுத்தமா யாரும் பதிவு பண்ணினதில்லை" என்றார், பாதி தனக்குள். "செவ்வாய்க்கிழமை காலைலயே சொல்லியிருக்கலாம், இந்த நாயைத் தனியா வையுங்கன்னு."

அவர் குரலில் வருத்தம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தகுதியில்லை. வெளியே வந்துவிட்டேன்.

கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு மாசாணியம்மாளைக் கூப்பிட்டேன்.

"போட்டாச்சு" என்றார்.

அவருக்குப் பின்னால் தறிகள் ஓடும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் ஊசிக்கு வரிசை பாதிகூட நகர்ந்திருக்காது.

"எப்ப போனீங்க?"

போனை வைத்துவிட்டார்.

ஒரு நாள் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்டிருப்பார். நாளைக்குப் போகலாம் என்று நினைத்திருப்பார். நாளை என்பது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரங்கநாயகி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. நேராகத் தார் போடும் அறைக்குப் போனேன்.

மாசாணியம்மாள் குச்சிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா. போட்டாச்சுன்னு சொன்னா நம்பிக்கை வரலையா உனக்கு?"

"இல்லைங்க்கா, சத்தம் கேட்டுச்சு, அதான்…"

"ஏழு மணிக்கே போயி மொத ஆளா நின்னேன். கதவு தொறக்கறதுக்கு முந்தி." இடுப்பிலிருந்து சீட்டை உருவினார். கையில் தரவில்லை, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "தேதியப் படி."

படித்தேன்.

"கேக்கல. சத்தமாப் படி."

தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தேன். இன்றைய தேதி, நான்காவது ஊசி, கையெழுத்து, முத்திரை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"நான் உன்னைய நம்ப மாட்டேன். நீயும் என்னைய நம்பாத. இப்படியே வந்து பாத்துட்டுப் போ" என்று சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆறு மாசம் ஆனாலும் வரும்னு சொல்றாங்க. தண்ணி குடிக்கறனான்னு அப்பப்ப வந்து பாரு."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, பாதிக்கு மேல் குடித்தார்.